டிராவல் நர்ஸ் வேலை: 7 மாத அனுபவம், இரண்டு பிள்ளைகள். போகலாமா?

சேலத்துப்பெண் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பேசிப் பேசிக் களைத்துப்போய்தான் இங்கே வந்திருக்கிறேன்.

ஹூஸ்டன் பக்கத்தில் கேட்டி என்கிற ஊரில் இருக்கிறோம். எனக்கு 35 வயது. ஊரில் பி.எஸ்சி வேதியியல் முடித்த கையோடு கல்யாணமாகி இங்கே வந்தேன். கிரீன் கார்டு வந்த பிறகு கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் நர்சிங் படித்து, என்கிளெக்ஸ் என்கிற நர்ஸ் லைசென்ஸ் தேர்வு தேறி, இப்போது ஒரு மருத்துவமனையில் டெலிமெட்ரி ஃப்ளோரில் (நோயாளிகளின் இதயத்துடிப்பை மானிட்டரில் தொடர்ந்து பார்க்கும் பிரிவு) நைட் ஷிஃப்ட் பார்க்கிறேன். சேர்ந்து 7 மாதம் ஆகிறது. முதல் 12 வாரம் ப்ரிசெப்டரோடு, அதாவது கூடவே இருந்து பழக்கிவிடும் மூத்த நர்ஸோடு, போய்விட்டது, ஆக தனியாக நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்து 4 மாதம்தான். மகளுக்கு 8 வயது, மகனுக்கு 4. கணவர் ஐடி, வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ் போயே ஆக வேண்டும்.

எங்கள் ஃப்ளோருக்கு ஏஜென்சி மூலம் சில வாரக் காண்ட்ராக்டில் வரும் டிராவல் நர்ஸ்கள் என் பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, நான் செய்யும் அதே வேலையைச் செய்துவிட்டு, என்னைவிட அதிகமாகச் சம்பளம் வாங்குகிறார்கள். எனக்கு மணிக்கு 35 டாலர், இரவுக்கு 4 டாலர் கூடுதல். ஒரு ஏஜென்சியின் ரெக்ரூட்டர் போன மாதத்திலிருந்து மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்கிறார். அல்பகர்கியில் 13 வாரம், வாரத்துக்கு 36 மணி நேரம், 2,300 டாலர். டெக்சஸ் லைசென்ஸ் காம்பாக்ட் (ஒப்பந்தத்தில் சேர்ந்த மாநிலங்கள் எல்லாவற்றிலும் செல்லும் லைசென்ஸ்) என்பதால் நியூ மெக்சிகோவில் அப்படியே செல்லும் என்கிறார். அனுபவம் 7 மாதம்தானே என்று கேட்டதற்கு, "வேலை தொடங்கும் நேரத்தில் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகிவிடும், ரெஸ்யூமேயில் ஒரு வருடம் என்றே போட்டுக்கொள்ளலாம்" என்றார். அதுதான் என்னவோ போல் இருக்கிறது.

வீட்டில் மாமியார் ஜனவரியில் சேலத்திலிருந்து வர ஒத்துக்கொண்டிருக்கிறார். விசிட்டர் விசாவில் 6 மாதம் தருவார்கள். 13 வாரக் காண்ட்ராக்ட் இரண்டு என்றால் 26 வாரம், சரியாக அந்த 6 மாதத்துக்குள் அடங்கிவிடும். இப்படியொரு கணக்கு பொருந்தி வந்ததும் எனக்கு இது நடக்க வேண்டியதுதான் என்றே தோன்றிவிட்டது. படிப்புக்கடன் இருக்கிறது, வீட்டுக்கடன் இருக்கிறது. இப்போதைய மருத்துவமனையில் இரண்டு வருடம் இருப்பேன் என்று கையெழுத்துப் போட்டு 8,000 டாலர் போனஸ் வாங்கியிருக்கிறேன். இடையில் போனால் பாதியைத் திருப்பித் தர வேண்டும்.

கணவர் "நீ எது முடிவு பண்ணினாலும் சரி" என்கிறார். நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் முடிவெடுக்க எனக்கு அது உதவவில்லை. குடும்பத்தை வைத்துக்கொண்டு டிராவல் போனவர்கள், போகாமல் விட்டவர்கள், இரண்டு பேரும் சொல்லுங்கள்.

ராக்கோழி எழுதியது:

தங்கச்சி, நான் ஐசியுவில் 16 வருடம், அதில் 5 வருடம் டிராவல். அந்த வேலையை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் உன்னை இப்போது போகாதே என்றுதான் சொல்வேன். குடும்பம் இரண்டாவது காரணம். முதல் காரணம் 4 மாதம்.

முதலில் அந்த ரெஸ்யூமே விஷயம். ஒரு வருடம் என்று எழுதச் சொன்ன ஆளின் நம்பரை இன்றே அழித்துவிடு. லைசென்ஸ் உன் பெயரில் இருக்கிறது, அவர் பெயரில் இல்லை. ஏதாவது ஒன்று தப்பாகிப் போனால் லைசென்ஸ் தரும் நர்சிங் போர்டு முன்னால் நிற்பது நீதான். பெரும்பாலான இடங்களில் ஒரு துறையில் ஒன்றிலிருந்து இரண்டு வருடம் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. டிராவலர் வரும்போது உனக்குக் கிடைத்த மாதிரி 12 வாரம் ப்ரிசெப்டர் கிடையாது. ஒரு ஷிஃப்ட், மிஞ்சினால் இரண்டு ஷிஃப்ட் ஓரியண்டேஷன், அதில் பாதி நேரம் சார்ட்டிங் சாஃப்ட்வேர் வகுப்பில் போய்விடும். மூன்றாவது நாள் முழு அசைன்மெண்ட் கையில்.

என் முதல் காண்ட்ராக்டின் முதல் இரவு இன்னும் கண்முன் நிற்கிறது. பேட்ஜ் மருந்து அறைக் கதவைத் திறக்கவில்லை. வெளியே நின்றுகொண்டு யாராவது வருவார்களா என்று பார்க்கிறேன், அங்கே என் நோயாளிக்கு ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நோர்எபிநெஃப்ரின் மருந்துப் பை தீர்ந்துகொண்டிருக்கிறது. அங்கே யாருக்கும் என் பெயர் தெரியாது, எனக்கும் யார் பெயரும் தெரியாது. ஓடிப்போய் ஒரு ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்டைக் கூட்டி வந்து கதவைத் திறந்தேன். அப்போது எனக்கு 6 வருட அனுபவம். பை தீர எத்தனை நிமிடம் இருக்கிறது, அதற்குள் என்னென்ன செய்யலாம் என்று தலைக்குள் கணக்கு ஓடியதால் கை நடுங்கவில்லை. 7 மாதத்தில் அந்தக் கணக்கு எனக்கு ஓடியிருக்காது, உறுதியாகச் சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆள் குறைந்தால் முதலில் வேறு ஃப்ளோருக்கு அனுப்பப்படுவது டிராவலர்தான். தெரியாத ஊரில், தெரியாத மருத்துவமனையில், தெரியாத ஃப்ளோர். டெக்சஸில் சேஃப் ஹார்பர் என்று ஒரு சட்டப் பாதுகாப்பு உண்டு, உன் தகுதிக்கு மீறிய அசைன்மெண்ட் தந்தால் அந்தப் படிவத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வேலை பார்க்கலாம். கேள்விப்பட்டிருக்கிறாயா? இல்லையென்றால் இந்த வாரமே படி. சில மாநிலங்களில்தான் அது உண்டு. இந்த மாதிரி விஷயங்கள் பாடப்புத்தகத்தில் இருப்பதைவிடப் பழைய நர்ஸ்கள் வாயிலிருந்துதான் அதிகம் வரும், அதற்கு அவர்கள் பக்கத்தில் கொஞ்ச காலம் இருக்க வேண்டும்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், யோசித்துப் பதில் சொல். போன ஒரு மாதத்தில் "இதைக் கொஞ்சம் வந்து பாருங்கள்" என்று பக்கத்து நர்ஸை எத்தனை தடவை கூப்பிட்டாய்?

கணக்குப்பிள்ளை எழுதியது:

நான் நர்ஸ் இல்லை, நர்ஸின் கணவன். என் மனைவி லேபர் அண்ட் டெலிவரி, அதாவது பிரசவப் பிரிவு. 4 வருட அனுபவத்துக்குப் பிறகு மூன்று காண்ட்ராக்ட் போனார், நானும் பையனும் கூடவே போனோம். எனக்கு முழுக்க வீட்டிலிருந்து வேலை, பையனுக்கு அப்போது 3 வயது, பள்ளிக்கூடம் என்ற கவலை இல்லை. எங்களுக்கு அது நல்ல காலம். டூசானில் ஒரு மூன்று மாதம், காலையில் அம்மா தூங்கும்போது நானும் அவனும் கள்ளிச்செடி பார்க்கப் போய்விடுவோம். அதனால் குடும்பத்தோடு போகவே முடியாது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் உங்கள் வீட்டில் 8 வயதுப் பெண் இருக்கிறாள், கணவர் ஆபீஸ் போக வேண்டியவர். எங்கள் கதை உங்களுக்குப் பொருந்தாது சகோதரி. நீங்கள் தனியாகத்தான் போக வேண்டியிருக்கும்.

பணத்தைப் பற்றி யாரும் முழுசாகச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். அந்த 2,300 டாலரை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பொதுவாக மணிக்கு 24 டாலர் என்கிற மாதிரி வரிக்குட்பட்ட சம்பளம், அதாவது 36 மணிக்கு 864. மீதி 1,436 டாலர் வீட்டுக்கும் சாப்பாட்டுக்கும் வரியில்லா ஸ்டைபண்ட், அதாவது படிப்பணம். இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஓவர்டைம் அந்த 24 டாலரை வைத்துத்தான் போட்டிருப்பார்கள், ஒன்றரை மடங்கு என்றால் 36 டாலர். நீங்கள் இப்போது சாதாரண இரவு ஷிஃப்டுக்கு வாங்குவதே 39 டாலர்! கூடுதல் ஷிஃப்ட் எடுத்துக் கடனை அடைக்கலாம் என்று மனதில் இருந்தால் ஓவர்டைம் ரேட்டைத் தனியாகப் பேசாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்போது உங்கள் 26 வாரத்தைப் பார்ப்போம். டிராவலில் 59,800 டாலர். இருக்கும் இடத்தில் வாரம் 1,404 வீதம் 36,504. வித்தியாசம் 23,296. அங்கே சாமான்களோடு ஒரு சின்ன அபார்ட்மெண்ட், பயன்பாட்டுக் கட்டணம் எல்லாம் சேர்த்து மாதம் 1,800 என்று வைத்தால் 6 மாதத்துக்கு 10,800 போய்விடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிள்ளைகளைப் பார்க்க வருவீர்கள், வராமல் இருக்க மாட்டீர்கள், 13 தடவை, தடவைக்கு 250 என்றால் 3,250. போனஸில் திருப்பித் தருவது 4,000. மிச்சம் 5,246 டாலர். ஸ்டைபண்டுக்கு வரி இல்லாததால் கையில் இதைவிடக் கூடுதலாக நிற்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் மாமியாரின் டிக்கெட், விசிட்டர் இன்சூரன்ஸ், நடுவில் ஒரு வாரம் வேலை இல்லாமல் போனால் அது, 26 வாரம் முடிந்து வேறு வேலை தேடும் நாட்கள், எதையும் நான் சேர்க்கவில்லை. 6 மாதம் பிள்ளைகளை விட்டு இருப்பதற்கு இந்தத் தொகை போதுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வரி பற்றி ஒரு வார்த்தை. கேட்டி வீட்டுக்கடனை நீங்கள் கட்டிக்கொண்டிருப்பதால் உங்களுக்கு டாக்ஸ் ஹோம், அதாவது வரிக்கணக்கில் நிரந்தர இருப்பிடம், இருக்கிறது, அது பிரச்சினை இல்லை. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு எல்லோருமாகக் கிளம்பினால் திரும்பிப்போக இருப்பிடம் இல்லாதவர் ஆகிவிடுவீர்கள், அப்போது ஸ்டைபண்ட் முழுவதுக்கும் வரி உண்டு. ஒரே ஊரில் ஒரு வருடத்தைத் தாண்டினாலும் அப்படித்தான். அப்புறம், வீட்டிலிருந்து 50 மைல் தள்ளிப் போனாலே ஸ்டைபண்டுக்கு வரி இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள், வரித்துறையான ஐஆர்எஸ் அப்படியொரு விதி வைக்கவில்லை. இரவு அங்கே தங்கித் தூங்க வேண்டிய தூரமா என்பதுதான் கேள்வி. இன்னும் ஒன்று, நாளைக்கு வீட்டுக்கடனை மாற்றி எழுத வங்கிக்குப் போனால் அந்த 864ஐத்தான் சம்பளம் என்று எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது.

ஃப்ரெஸ்னோ போனவள் எழுதியது:

சேலத்துப்பெண், நான் நீங்கள் யோசிப்பதை அப்படியே செய்தவள். டல்லாஸில் வீடு, 3 வருட அனுபவம், என் அம்மா வந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டார், நான் கலிபோர்னியாவுக்குப் போனேன். அது காம்பாக்டில் இல்லாத மாநிலம், தனி லைசென்ஸ் வாங்கவே கைரேகை, காத்திருப்பு என்று மாதங்கள் போயின. வேலை என்று பார்த்தால் அருமை. அங்கே டெலிமெட்ரியில் ஒரு நர்ஸுக்கு 4 நோயாளிக்கு மேல் தரக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. டெக்சஸில் அப்படி எண்ணிக்கை வைத்த சட்டம் எதுவும் கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். முதல் முறையாகச் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். என் மகனுக்கு 6 வயது. முதல் பல் விழுந்த அன்று வீடியோ காலில் காட்டினான். கேமராவுக்கு ரொம்பப் பக்கத்தில் கொண்டு வந்துவிட்டான், எனக்கு வெள்ளையாக ஏதோ மங்கலாகத் தெரிந்தது, அவ்வளவுதான். "தெரியுதாம்மா, தெரியுதாம்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். தெரியுதுடா கண்ணா என்றேன். அழைப்பை வைத்த பிறகு அந்த அபார்ட்மெண்டில் உட்கார்ந்து அழுதேன், சாயங்காலம் ஷிஃப்டுக்குப் போனேன். இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இப்படியொரு நாள் வரும், அதற்கு உங்களிடம் வலு இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

என் அம்மாவைப் பற்றியும் நினைத்துப் பாருங்கள். கார் ஓட்டத் தெரியாது, பள்ளியிலிருந்து ஃபோன் வந்தால் எடுக்கத் தயங்குவார், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் என் கணவர் ஆபீஸிலிருந்து ஓடி வர வேண்டும். ஜனவரியில் வெளியே கால் வைக்க முடியாமல் நாலு சுவருக்குள் இருந்தார். நான் சம்பாதித்த பணத்துக்கு அவரும்தான் விலை கொடுத்தார். உங்கள் மாமியாரிடம் இதை முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஒத்துக்கொண்டார் என்று சொல்கிறீர்கள், எதற்கு ஒத்துக்கொண்டார் என்பது அவருக்குத் தெரியுமா?

காண்ட்ராக்ட் என்றால் 13 வாரமும் உறுதி என்று நினைக்காதீர்கள். எனது இரண்டாவது காண்ட்ராக்டை மூன்றாவது வாரத்தில் ரத்து செய்துவிட்டார்கள். நோயாளிகள் எண்ணிக்கை குறைந்துவிட்டது, அவ்வளவுதான் காரணம். வாடகைக்கு ஒப்பந்தம் போட்டது போட்டதுதான், ஒரு மாத வாடகை தண்டமாகப் போனது. அதனால் எத்தனை மணி நேரம் உறுதி, ஷிஃப்டை ரத்து செய்தால் சம்பளம் உண்டா, எத்தனை நாள் முன்னறிவிப்பு, எல்லாம் எழுத்தில் வேண்டும். ஏஜென்சி இன்சூரன்ஸ் பல இடங்களில் காண்ட்ராக்ட் முடிந்ததும் முடிந்துவிடும், நீங்கள் கணவர் இன்சூரன்ஸில் இருந்தால் அப்படியே இருங்கள். குடும்பத்தில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் எஃப்எம்எல்ஏ விடுப்பு (வேலை போகாமல் எடுக்கக்கூடிய குடும்ப, மருத்துவ விடுப்பு) கேட்க ஒரே முதலாளியிடம் 12 மாதமும் 1,250 மணி நேரமும் வேலை செய்திருக்க வேண்டும், டிராவலில் அது பெரும்பாலும் அமையாது. இப்போது இருக்கும் இடத்தில் இன்னும் 5 மாதத்தில் உங்களுக்கு அந்த உரிமை வந்துவிடும். 4 வயதுப் பிள்ளையும் ஊரில் வயதான பெற்றோரும் இருப்பவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

சேலத்துப்பெண் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் எதுவும் எழுத முடியவில்லை, ராக்கோழி அக்கா கேட்ட கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் எண்ண ஆரம்பித்து பதினொன்றில் நிறுத்திவிட்டேன்.

அதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்று வாரம் முன்பு, முழங்கால் மாற்று அறுவை முடிந்து இரண்டாவது நாள் நோயாளி. அதிகாலை 4 மணி. நாடித்துடிப்பு 118, மூச்சு நிமிடத்துக்கு 24, ஆக்சிஜன் 91. கால் வலிக்கிறது, தூக்கம் வரவில்லை, பயமாக இருக்கிறது என்றார். வலியும் பதற்றமும்தான் என்று நினைத்து வலி மருந்து எடுக்கக் கிளம்பினேன். போகிற வழியில் அந்த ஷிஃப்டுக்குப் பொறுப்பான சார்ஜ் நர்ஸிடம் சும்மா சொன்னேன். 20 வருடமாக அந்த ஃப்ளோரில் இருப்பவர். எழுந்து வந்து வாசலில் நின்று ஒரு நிமிடம் அவரைப் பார்த்தார், தொடக்கூட இல்லை. "மருந்து அப்புறம், ரேபிட் ரெஸ்பான்ஸைக் கூப்பிடு" என்றார், அவசரத்துக்கு ஓடி வரும் குழுவை. சிடி எடுத்ததில் நுரையீரலில் ரத்தக்கட்டி. அந்த நோயாளி இப்போது நன்றாக இருக்கிறார், நடந்துதான் வீட்டுக்குப் போனார்.

பரீட்சையில் இந்தக் கேள்வி வந்தால் நான் சரியாக எழுதியிருப்பேன். கண்முன்னால் ஒரு மனிதர் வேர்த்துக்கொண்டு "கால் வலிக்கிறது" என்று சொல்லும்போது எனக்குக் கால்தான் தெரிந்தது. அல்பகர்கியில் அந்த 4 மணிக்கு நான் யாரிடம் போய்ச் சும்மா சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

ரெக்ரூட்டரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாமியாரிடமும் ஃபிரெஸ்னோ அக்கா சொன்னபடி பேசினேன். 6 மாதம் நான் வீட்டில் இருக்க மாட்டேன் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது, வாரத்துக்கு மூன்று இரவு போய்வருவேன் என்றுதான் நினைத்திருந்திருக்கிறார். நல்ல வேளை கேட்டேன்.

ஆனால் கடன் அப்படியேதான் இருக்கிறது. ஊரை விட்டுப் போகாமல் கொஞ்சம் கூடுதலாகச் சம்பாதிக்க வழி இருக்கிறதா?

ராக்கோழி எழுதியது:

இருக்கிறது. சில மருத்துவமனைகளில் பெய்லர் ஷிஃப்ட் என்று ஒன்று உண்டு, 1980களில் டல்லாஸ் பெய்லர் மருத்துவமனையில் ஆரம்பித்ததால் அந்தப் பெயர். சனி, ஞாயிறு இரண்டு 12 மணி நேர ஷிஃப்ட் பார்த்தால் கிட்டத்தட்ட மூன்று ஷிஃப்ட் சம்பளம். வார நாள் முழுக்கப் பிள்ளைகளோடு இருக்கலாம், சனி ஞாயிறு அப்பா பொறுப்பு. இப்போதே கேட்காதே, ஒரு வருடம் முடியட்டும். அதுவரை உன் ஃப்ளோரிலேயே மாதம் ஒன்றோ இரண்டோ கூடுதல் ஷிஃப்ட் எடு, ஓவர்டைம் உன் முழு சம்பளத்தின் மேல் வரும், அந்தச் சார்ஜ் நர்ஸ் இருக்கும் இரவாகப் பார்த்து எடு. போனஸ் ஒப்பந்தம் இரண்டு வருடம் முடிந்ததும் ஃப்ளோட் பூலுக்கு, அதாவது ஆள் தேவைப்படும் ஃப்ளோருக்கு அனுப்பப்படும் நர்ஸ்கள் குழுவுக்கு, போ. பல இடங்களில் அதற்குக் கூடுதல் சம்பளம், தினம் ஒரு ஃப்ளோர், ஆனால் மருத்துவமனை உனக்குத் தெரிந்தது, ராத்திரி வீட்டுச் சாப்பாடு. டிராவல் உனக்கு ஒத்துவருமா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

ஒன்று மறந்துவிட்டேன். ஏசிஎல்எஸ் (இதயம் நின்றுபோகும் மாதிரி அவசரங்களுக்கான உயர்நிலைப் பயிற்சி) முடித்துவிட்டாயா? டெலிமெட்ரியில் எப்படியும் கேட்பார்கள், மருத்துவமனைச் செலவிலேயே செய்துகொள்.

சேலத்துப்பெண் எழுதியது:

அடுத்த மாதம் 14ஆம் தேதி பதிவு செய்திருக்கிறேன் அக்கா. பெய்லர் பற்றி எங்கள் மேனேஜரிடம் இப்போது கேட்காமல், அந்தச் சார்ஜ் நர்ஸிடம் மட்டும் கேட்டு வைக்கிறேன். நாளைக்கு அவரோடுதான் ஷிஃப்ட்.